சின்னக் கால்களுக்கு எந்தக் காடு? லண்டனிலிருந்து ஒருநாள் நடைக்கு நான்கு இடங்கள்

மூன்று வயது மகனைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பாக்ஸ் ஹில் போனதுதான் இங்கிலாந்தில் எங்கள் குடும்பத்தின் முதல் காட்டு நடை. வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மோல் ஆற்றைக் கற்கள்மேல் கால்வைத்துக் கடக்கலாம், மேலே ஏறினால் சர்ரே பச்சையாக விரிந்து கிடக்கும் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. கற்களைத் தாண்டியதும் செங்குத்தான காட்டுப் படிக்கட்டு தொடங்குகிறது என்பதை மட்டும் நாங்கள் விசாரித்துக்கொள்ளவில்லை. வண்டியை நானும் பிள்ளையை என் மனைவியும் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறியிருப்போம். அதற்குமேல் முடியாமல் திரும்பினோம். ஆறு வயது மகளுக்கு மட்டும் எந்த வருத்தமும் இல்லை. "அப்பா, இன்னொரு தடவை கல்லு மேல நடக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை நடந்தாள். அவளுக்கு மலையுச்சி தேவைப்படவே இல்லை.

அன்றிலிருந்து இடம் பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டோம். எத்தனை மைல், மேலிருந்து என்ன தெரியும் என்பவை பெரியவர்களின் கேள்விகள். பிள்ளைகளோடு போகும்போது கேட்க வேண்டியவை வேறு. கால் மணிக்கு ஒருமுறையாவது கையும் காலும் வைக்க ஏதாவது இருக்கிறதா? நடுவில் மனம் மாறினால் சட்டென்று திரும்ப முடியுமா? சக்கரம் உருளுமா? கழிப்பறை நடையின் தொடக்கத்தில் இருக்கிறதா, முடிவிலா? மலையேறுபவர்கள் 1892இலிருந்து பயன்படுத்திவரும் நெய்ஸ்மித் கணக்கு, மணிக்கு மூன்று மைல் என்று வைத்து, ஏற்றத்துக்குத் தனியாக நேரம் கூட்டச் சொல்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையோடு நான் போடும் கணக்கு மணிக்கு ஒரு மைல். குச்சி பொறுக்கவும் குட்டையில் குதிக்கவும் சேர்த்துத்தான் அந்த ஒரு மைல்.

இந்தக் கேள்விகளோடு நான்கு இடங்களை ஒப்பிடுகிறேன்: எப்பிங் காடு, பாக்ஸ் ஹில், நியூ ஃபாரஸ்ட், செவன் சிஸ்டர்ஸ். நான்குக்கும் வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு வயதில் இருந்த பிள்ளைகளோடு போயிருக்கிறோம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது எப்பிங் காடுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஓவர்கிரவுண்ட் ரயிலேறினால் அரை மணிக்குள் கடைசி ஸ்டேஷனான சிங்ஃபோர்டு. வெளியே வந்து ரேஞ்சர்ஸ் ரோடு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் இடப்பக்கம் வெள்ளைச் சுவரும் மரச்சட்டங்களுமாக ஒரு பழைய கட்டடம் நிற்கும். எட்டாம் ஹென்றி 1543இல் கட்டச் சொன்ன வேட்டை மாளிகை அது. மேல்மாடியிலிருந்து வேட்டையைப் பார்ப்பதற்காகக் கட்டியது. இப்போது அவர் மகள் முதலாம் எலிசபெத் அரசியின் பெயரில் இருக்கிறது. பக்கத்திலேயே காபிக் கடையும் கழிப்பறையும் உண்டு. நடை தொடங்கும் முன்பே அந்தக் கவலை தீர்ந்துவிடுகிறது. அங்கிருந்து புல்வெளிச் சரிவில் இறங்கினால் கனாட் வாட்டர் ஏரி. ஏரியைச் சுற்றிச் சமதளமான, சரளைக்கல் இறுக்கிய பாதை போட்டிருக்கிறார்கள். குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் தடங்கலின்றிப் போகும். சுற்று ஒரு மைல் அளவுதான். ஏரியில் மாண்டரின் வாத்துகள் இருக்கும். ஆண் வாத்தின் ஆரஞ்சு நிறச் சிறகு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து என் மகன் அதைப் பொம்மை என்றே நினைத்தான்.

ஏரிச் சுற்று முடிந்தும் தெம்பு மிச்சமிருந்தால் காட்டுக்குள் நுழையலாம், இல்லையென்றால் ரயிலேறலாம். எந்த நிமிடத்திலும் திரும்ப முடிகிற நடை என்று நான் சொல்வது இதைத்தான். உள்ளே போனால் இந்தக் காட்டின் உண்மையான அதிசயம் இருக்கிறது. பீச் மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரே இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்து, கைகளை விரித்தாற்போல நிற்கும். அவை தாமாக அப்படி வளரவில்லை. ஆடுமாடு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டி விறகாக்கிக்கொள்வது இந்த ஊர் மக்களின் பழைய உரிமை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், மரம் மறுபடி துளிர்க்கும்.

19ஆம் நூற்றாண்டில் நில உரிமையாளர்கள் காட்டை வேலிபோட்டு வளைக்கத் தொடங்கினார்கள். லவுட்டன் ஊரைச் சேர்ந்த தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி, உரிமையை விட்டுக்கொடுக்காமல் வேலிக்குள் போய்க் கிளை வெட்டினார். அவருடைய குடும்பத்தார் சிறைக்கும் போனார்கள். வழக்குகள் நீண்டன, லண்டன் மாநகராட்சியும் களத்தில் இறங்கியது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்து வளைப்பு நின்றது. 1882இல் விக்டோரியா அரசி நேரில் வந்து காடு மக்களுக்கே உரியது என்று அறிவித்தார். அதே சட்டத்தோடு கிளை வெட்டும் உரிமையும் முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் எழுந்த லாப்பிங் ஹால் லவுட்டனில் இன்றும் நிற்கிறது. வெட்டுவது நின்றதால்தான் அந்தக் கிளைகள் அடிமரம் கனத்துக்குப் பெருத்துவிட்டன. ஒவ்வொரு மரத்திலும் கடைசியாகக் கோடரி விழுந்த இடம் தெரிகிறது. இதை மகளுக்குச் சொன்னபோது மரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். இந்தக் காட்டில் நாம் சும்மா நடக்கிறோமே, அந்தச் சும்மாவுக்காகப் போராடிய ஆள் ஒரு கூலிக்காரர், சிறைபோனது அவர் குடும்பம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

எப்பிங்கின் குறை சேறு. களிமண் பூமி. நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிப் பாதையை விட்டு விலகினால் வெல்லிங்டன் பூட்ஸ் இல்லாமல் முடியாது. இன்னொன்று, உயரமான காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பப் படம் எடுப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் புல்வெளியில் நீண்ட கொம்பு மாடுகள் மேய்ந்தால் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவற்றின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பி மாட்டைத் திருப்பிவிடும்.

பாக்ஸ் ஹில்லுக்கு வருகிறேன். முதல் அனுபவம் கசந்தாலும் அந்த இடத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஏழு வயது ஆனபின் அதற்கு ஈடான நடை லண்டன் பக்கத்தில் இல்லை. லியோபோல்டு சாலமன்ஸ் என்பவர் 1914இல் இந்த மலையை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். அவர் நினைவாக 1920இல் எழுப்பிய கல்மேடைதான் இன்றும் எல்லோரும் நின்று பார்க்கும் இடம். ஆற்றைக் கடக்கும் கற்கள் மொத்தம் 17. இரண்டாம் உலகப்போரின்போது எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாதென்று பழைய கற்களைத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பவை பிறகு வைத்தவை. 1946இல் பிரதமர் கிளமென்ட் அட்லீயே வந்து திறந்துவைத்தார். பதினேழு கல்லுக்கு ஒரு பிரதமர் என்பது என் மகளுக்கு இன்றும் பிடித்த செய்தி.

இங்கே ரயிலில் போவதா காரில் போவதா என்பது செலவு மட்டும் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. கார் நிறுத்துமிடமும் காபிக் கடையும் மலைமேல் இருக்கின்றன. காரில் போனால் முதலில் படியிறங்கி, கற்களில் விளையாடி, கடைசியில் களைத்த பிள்ளையை இருநூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏற்ற வேண்டும். ரயிலில் போனால் பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் ஸ்டேஷனிலிருந்து கால் மணி நடையில் கற்கள் வந்துவிடும். பிறகு தெம்பு இருக்கும்போதே ஏற்றம். மேலே ஐஸ்கிரீம். அதன்பின் புல்வெளிச் சரிவில் இறக்கம், ஸ்டேஷன். மொத்தம் மூன்று மைலுக்குள் அடங்கும் அதே மலைதான், ஆனால் வீடு திரும்பும்போது பிள்ளையின் முகம் வேறாக இருக்கும். கார் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ரயிலையே சொல்கிறேன். இந்த மலையைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் உறுப்பினர்களுக்கு மேலே கார் நிறுத்தக் கட்டணம் கிடையாது என்றாலும்கூட.

கனமழைக்கு அடுத்த நாட்களில் ஆறு கற்களை மூடிவிடும். கொஞ்சம் தள்ளி நடைபாலம் இருப்பதால் வழி அடைபடாது, ஆனால் கல்லுக்காகவே வந்த பிள்ளையின் நாள் அங்கேயே முடிந்துவிடும். ஈரத்தில் சுண்ணப்பாறைப் பாதை சோப்புப் போட்டதுபோல வழுக்கும். எனவே இதை ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கான நடையாகவே நான் வைத்திருக்கிறேன். குழந்தை வண்டி வேண்டவே வேண்டாம். கைக்குழந்தை என்றால் முதுகில் கட்டிக்கொள்ளும் பை.

நியூ ஃபாரஸ்ட் தூரம். வாட்டர்லூவிலிருந்து புரோக்கன்ஹர்ஸ்ட் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வில்லியம் மன்னன் 11ஆம் நூற்றாண்டில் தன் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் இது. 2005 முதல் தேசியப் பூங்கா. நடையைவிட விலங்குகளுக்காகத்தான் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். குட்டைக் குதிரைகள் ரோட்டிலும் கடைவாசலிலும் யாரையும் சட்டைசெய்யாமல் நிற்கும். காட்டுக் குதிரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் உரிமை பெற்ற உள்ளூர்க் குடும்பங்களின் குதிரைகள். ஆண்டுக் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக வாலின் மயிரை ஒரு பாணியில் கத்தரித்திருப்பார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் பாணி மாறும். வாலைப் பார்த்து எந்தப் பக்கத்துக் குதிரை என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். தீனி கொடுப்பதும் தடவுவதும் கூடாது. நாம் நீட்டும் ஒரு துண்டு ரொட்டி குதிரையை ரோட்டோரம் வந்து நிற்கப் பழக்கி, கடைசியில் கார் மோதி அது சாவதில் முடிகிறது.

இலையுதிர்காலத்தில் போனால் பன்றிகளும் இருக்கும். ஓக் மரத்தின் பச்சைக் கொட்டைகள் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு. பன்றிக்கு அது விருந்து. அதனால் ஆண்டுதோறும் குறைந்தது 60 நாட்களுக்குப் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிடுகிறார்கள். பல நூறு ஆண்டுப் பழக்கம்.

நடைக்கென்று பார்த்தால் ரைன்ஃபீல்டு சாலையிலுள்ள நெடுமரப் பாதை ஒன்றரை மைல். 1850களில் நட்ட டக்ளஸ் ஃபிர் மரங்களும் ராட்சத செக்கோயாக்களும் இருபுறமும் நிற்கின்றன. தரை கெட்டியான சரளை, சக்கரம் உருளும், மழைக்காலத்திலும் பெரிதாகச் சேறாகாது. பக்கத்திலேயே போல்டர்வுட்டில் மான் பார்க்கும் மேடை. ஆனால் இவை இரண்டுக்கும் கார் வேண்டும். ரயிலில் வந்தால் ஊருக்குள் உலவும் குதிரைகளோடும் ஓடைக்கரையோடும் திருப்திப்பட வேண்டியதுதான். ஒருநாளில் போய்வருவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. ஓரிரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

செவன் சிஸ்டர்ஸ் காடு அல்ல, கடலோரச் சுண்ணப்பாறை முகடுகள். ஆனாலும் லண்டனில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். படங்கள் அப்படி. விக்டோரியாவிலிருந்து ரயிலில் லூயிஸ் வழியாக சீஃபோர்டு போய், அங்கிருந்து 12ஆம் எண் பேருந்தில் எக்ஸீட் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கே கழிப்பறை இருக்கிறது. அதன்பின் கடற்கரை வரை எதுவும் இல்லை. எக்ஸீட்டிலிருந்து கக்மியர் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு மைலுக்குச் சற்று அதிகமாகச் சமதளப் பாதை. குழந்தை வண்டி கடற்கரைக்குப் பக்கம் வரை போகும். ஆறு பாம்புபோல நெளிந்து கிடப்பதைப் பிள்ளைகள் மேலிருந்து வரைந்து பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டதால் அந்த நெளிவுகளில் இப்போது தண்ணீர் அசையாமல் நிற்கிறது.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முகடுகள் வரிசையாகத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற காட்சி கிழக்குக் கரையிலிருந்து தெரியாது. மேற்குக் கரையில், கடலோரக் காவலர்களின் பழைய வீடுகள் இருக்கும் பக்கத்திலிருந்துதான் தெரியும். முகத்துவாரத்தில் பாலம் இல்லை. தப்பான கரையில் போய்விட்டால் எக்ஸீட் பாலம் வரை திரும்பி நடந்து மறுகரை பிடிக்க வேண்டும். சின்னக் கால்களுக்கு அது இரண்டு நடை. மணல் விளையாட்டு வேண்டுமா, படம் வேண்டுமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சொல்லப்போனால் மணலே கிடையாது, கூழாங்கல் கரைதான். ஆனால் கூழாங்கல்லைத் தண்ணீரில் எறியத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பாறை விளிம்பைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். மேலே வேலி இல்லை. சுண்ணப்பாறை அடியில் அரிக்கப்பட்டு, எச்சரிக்கையே இல்லாமல் மொத்தமாகச் சரியும். நாம் நிற்கும் புல்தரைக்குக் கீழே வெற்றிடம் இருப்பது மேலிருந்து தெரியாது. பாறையடியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அதே அளவு ஆபத்து. ஓடித்திரியும் நான்கு வயதுப் பிள்ளையோடு முகடுகளின்மேல் ஏறும் நடையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காற்று பலமாக இருக்கும் நாளில் பெரிய பிள்ளைகளோடும் வேண்டாம். பள்ளத்தாக்கில் நடந்து கடலைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள், அதுவே நிறைவான நாள்.

செலவில் எப்பிங்கை எதுவும் மிஞ்சாது. டியூப், ஓவர்கிரவுண்ட் ரயில்களில் 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு போகும்போது டிக்கெட் இல்லை. மற்ற மூன்றுக்கும் ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கிவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஃபிளாஸ்க்கில் டீயும் இருந்தால், அந்தக் குளிரில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் சுகத்தை எந்தக் காபிக் கடையும் தராது.

எங்கே போனாலும் உண்ணி உண்டு, குறிப்பாக நியூ ஃபாரஸ்டில் பெரணிப் புதர்களுக்குள். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். கோடையிலும் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்குள் வட்டமான சிவப்புத் தடிப்பு பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். நம் ஊர்க் காஞ்சொறி போலவே சுணை உள்ள நெட்டில் செடியும் பாதையோரம் எங்கும் இருக்கும். அந்த இலையைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிக்கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புவது அப்போது சரிப்படாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா கோடைக்கு வந்திருந்தால் இந்த நான்கும் வேண்டாம். எங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி. அவரை நாங்கள் அழைத்துப்போனது பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள பர்னம் பீச்சஸ். பெயரைக் கேட்டுக் கடற்கரை என்று நினைத்துவிட்டார், பீச் மரங்கள்தான். 1880இல் லண்டன் மாநகராட்சி வாங்கிப் பாதுகாத்த காடு. எப்பிங்கில் சொன்ன அதே கிளை தறித்த மரங்கள், பல நூறு ஆண்டு வயது, அடிமரம் பொந்தாகி உள்ளே பிள்ளை நுழைந்து நிற்கும் அளவுக்கு. காட்டுக்குள் போகும் தார்ச்சாலைகளில் பெரும்பகுதியைக் கார்களுக்கு மூடிவிட்டார்கள். செருப்புக் காலோடு, கைத்தடியோடு, அவசரமில்லாமல் நடக்கலாம். பேரன் பொந்துக்குள் போய் நின்றுகொண்டு "அம்மம்மா, என்னைக் கண்டுபிடிங்க" என்று கத்த, அவர் ஒவ்வொரு மரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அன்று அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை வீட்டுக்கு வந்துதான் கணக்குப் பார்த்தோம். இரண்டு மைல்.

இல்ஃபோர்டு, ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில்கூட வேண்டாத ஒரு நடை இருக்கிறது. வான்ஸ்டெட் பார்க்கில் ஷாலே வுட் என்ற சின்னக் காடு. எப்பிங் காட்டு நிர்வாகத்தின் கீழ் வருவதுதான். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் தரை முழுக்கப் புளூபெல் பூத்து நீலமாகிவிடும். மிதித்தால் அந்தச் செடி மறுபடி தேற ஆண்டுகள் ஆகும், அதனால் பாதையின் இருபுறமும் மரக்கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அந்தக் கட்டைகளைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது.